பாட்டுக்கடையை மூடிய மாதம்

பாட்டு விற்றுப் பிழைப்பவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியைப் பார்க்க மாட்டோம், ஸ்பீக்கரைத்தான் பார்ப்போம்.

எனக்கு இந்த வியாதி காலேஜ் முடித்த கையோடு தொற்றியது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 'கெடிலம் ஆடியோஸ்' என்ற கடையில், கல்யாணம் ஆகும் வரைக்கும் என்று சேர்ந்தேன். கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்து, அவன் பிளஸ் டூவும் முடித்துவிட்டான். நான் மட்டும் கவுண்டரை விட்டு நகரவே இல்லை. கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் மெமரி கார்டு வந்தது, அப்புறம் ஊரே பாட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்துவிட்டது. எங்கள் சேத்தியாத்தோப்புக் கிளைதான் முதலில் போனது. மிச்சம் இருந்தது கடலூர் கடையும் சிதம்பரம் கடையும். அந்த இரண்டையும் சமீபத்தில் ஒரே மாதத்தில் மூடினோம்.

நீங்களும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் கால் வலிக்க நின்றவராக இருந்தால், அந்தக் கவுண்டரையே ஒருநாள் யாரோ பிரித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தவராக இருந்தால், இது உங்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம். கடைசி மாதம் எல்லாமே பாதி விலைதான்.

லட்டு

எங்கள் முதலாளி தனபால் புதுக் கிளை திறக்கும்போதெல்லாம் எங்களை ஒரு வேனில் ஏற்றித் திருவந்திபுரம் கூட்டிப்போவார். சாமி கும்பிட்டுவிட்டு, கீழே டீக்கடையில் உட்கார்ந்து ஆளுக்கொரு லட்டு கொடுத்து விஷயத்தைச் சொல்வார். அதனால் திடீரென்று ஒரு காலையில் வேன் வந்து நின்றதும் எங்களுக்குள் ஒரே கிசுகிசு. பண்ருட்டியா விருத்தாசலமா என்று விவாதம் நடந்தது. என்னோடு வேலை பார்த்த ரஃபி, புதுக் கிளைக்குத் தான்தான் மேனேஜர் என்று முடிவே கட்டிவிட்டான். இத்தனைக்கும் கோயிலுக்குள் வராமல் டீக்கடையில் எங்களுக்கு இடம் பிடித்துவைத்திருந்தவன் அவன்.

முதலாளி லட்டைக் கொடுத்தார். சாப்பிட்டோம். அவர் மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிப்போன டீயையும் ஆற்றினார். கடைசியில், இந்த மாசத்தோடு இரண்டு கடையையும் மூடப்போவதாக, கெடிலம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாதி பேருக்கு இன்னும் வாயில் லட்டு இருந்தது. ரஃபிதான் மெதுவாக, அப்போ இது எதுக்கு முதலாளி என்று கையிலிருந்த மிச்சத்தைக் காட்டினான். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"தொறக்கறப்பல்லாம் குடுத்தேன் இல்ல. மூடறப்ப குடுக்கலன்னா மரியாதையா இருக்காதுடா."

போர்டு வைத்த நாள்

'கடை மூடப்படுகிறது, எல்லாம் பாதி விலை' என்று ரஃபி சிவப்பு எழுத்தில் ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்து வாசலில் கட்டினான். மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் கூட்டம். தீபாவளிக்குக்கூட அப்படிப் பார்த்தது இல்லை. வருஷக்கணக்கில் எங்கள் கடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், உள்ளே இப்படியெல்லாம் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்கள். ஒருத்தர் நாதஸ்வர சிடியைச் சொந்தபந்தத்தில் குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அள்ளினார். வீட்டில் போட்டுக் கேட்க மெஷின் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். ஆனால் விலை நன்றாக இருக்கிறதாம்.

எனக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இல்லை. மத்தியானம் ஒரு அம்மா, கை நிறைய பக்திப் பாட்டு சிடியோடு வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய், கவுண்டருக்கு வந்ததும் என்னை நிஜமான அக்கறையோடு விசாரித்தார்:

"இவ்ளோ யாவாரம் ஆவுற கடைய போய் எதுக்கும்மா மூடறீங்க?"

முனகல்

குறிஞ்சிப்பாடியிலிருந்து கோவிந்தராஜ் என்று ஒரு கண்டக்டர் வருவார். சின்ன வயதில் கேட்ட ஒரு பாட்டை அவர் தேடிக்கொண்டிருந்தார். வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் இல்லை. மெட்டு மட்டும் ம்ம்ம் என்று வாயில் இருந்தது. டியூட்டி முடிந்து வரும்போதெல்லாம் கவுண்டரில் கையூன்றி, கண்ணை மூடி, முனகிக் காட்டுவார். நாங்களும் எதையெதையோ போட்டுக் காட்டியிருக்கிறோம். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, இது இல்லை என்று தலையாட்டிப் போய்விடுவார். மகன் சொன்னான் என்று செல்போனிடமும் முனகிப் பார்த்திருக்கிறார். அது ஏதோ வெளிநாட்டுக்காரன் பாட்டைக் காட்டியதாம்.

கடை மூடுகிற சேதி கேட்டு அவர் அரக்கப்பரக்க ஓடிவந்தார். இனிமேல் யாரிடம் போய் முனகுவது என்பது அவர் கவலை. அன்றைக்கு நல்ல கூட்டம். ரஃபி ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க, அண்ணன் ஒரு பாட்டு முனகுவார், தெரிஞ்சவங்க சொல்லுங்க என்று அறிவித்துவிட்டான். கண்டக்டர் கூச்சப்பட்டாலும் முனகினார். ஆளுக்கொரு பாட்டைச் சொன்னார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வரும் அம்மா ஒருத்தர் மட்டும், இன்னொரு தடவை முனகுப்பா என்றார். கேட்டுவிட்டுச் சத்தமாகவே பாடினார்: "பளிச்சுப் பளிச்சு பல்லு, பாப்பா நீயும் சொல்லு." சினிமாக் கொட்டகை இடைவேளையில் போடுவார்களே, அந்தப் பல்பொடி விளம்பரம். இளவயதில் ஒரு கொட்டகையில் முறுக்கு விற்றவராம் அவர். அதனால் வரிக்கு வரி மனப்பாடம்.

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கண்டக்டரின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. எவ்வளவு வருஷத் தேடல். அவரோ அந்த அம்மாவிடம் போய், மீதியும் பாடுங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா முழுசாகப் பாட, ரஃபி அதைப் பதிவு செய்து கண்டக்டர் போனுக்கே அனுப்பிவைத்தான். அதை அங்கேயே காதில் வைத்துக் கேட்டு முடித்த பிறகு என்னிடம் வந்தார்:

"பல்பொடியா இருந்தா இன்னா மேடம், எவ்ளோ நல்லா பாடியிருக்காங்க பாருங்க."

முகூர்த்த வாய்ப்பாடு

பாதி விலை என்றால் ஜனங்கள் எல்லா உறையையும் பிரித்துப் பார்ப்பார்கள். பார்த்த சிடியைக் கைக்கு வந்த உறையில் திரும்பப் போடுவார்கள். சேத்தியாத்தோப்பில் மைக்செட் வைத்திருக்கும் பன்னீர் இது தெரியாமல் ஒரு பை நிறைய மங்கள இசை வாங்கிப்போனார். அடுத்த வாரம் அவர் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்ததுமே, ரஃபி சரக்கு எடுக்கிற சாக்கில் பின்பக்கம் போய்விட்டான்.

நடந்தது இதுதான். மேளம் வைக்காத சின்னக் கல்யாணம். பன்னீரின் சிடியை நம்பித்தான் முகூர்த்தமே. ஐயர் கையைத் தூக்கி, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்று சொல்ல, பன்னீர் பட்டனை அமுக்கியிருக்கிறார். மண்டபம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் குரலில் "ஓரொண்ணு ஒண்ணு, ஈரொண்ணு ரெண்டு" என்று கிளம்பிவிட்டது. மங்கள இசை உறைக்குள் இருந்தது, எங்கள் கடையில் விற்ற குழந்தைகள் வாய்ப்பாடு சிடி. பன்னீர் பதறிப்போய் எதையெதையோ அமுக்கியும் அது நிற்கவில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கத்தில் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த பொண்ணு, அதைக் கேட்டதும் குபீர் என்று சிரித்திருக்கிறாள். அவளைப் பார்த்து மாப்பிள்ளை சிரிக்க, மேடையே சிரிக்க, ஈரேழு பதினாலில் தாலி ஏறியிருக்கிறது. போட்டோ எல்லாம் பிரமாதமாக வந்துவிட்டதாம், ஒருத்தர் முகத்திலும் விறைப்பு இல்லையாம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்குள் பன்னீர் கேட்டார்:

"அந்த வாய்ப்பாடு சிடி இன்னொண்ணு இருக்குமா மேடம்? வடலூர்ல ஒரு பார்ட்டி அதையே போடணும்னு சொல்றாங்க."

ஹெட்போன் பெரியவர்

பிறகு என்னையும் ரஃபியையும் சிதம்பரம் மேல வீதிக் கடையை ஏறக்கட்ட அனுப்பினார் முதலாளி. அங்கே ஒரு மூலையில் பாட்டைக் கேட்டுப் பார்த்து வாங்குவதற்காக ஸ்டூலும் ஹெட்போனும் உண்டு. கலியமூர்த்தி என்று ஓய்வுபெற்ற ஒரு கிளார்க், தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெயில் தாழும் வரை கண்மூடி உட்கார்ந்திருப்பார். எதுவும் வாங்கியது இல்லை. யாரும் அவரை எழுப்பியதும் இல்லை. அவ்வளவு லயித்திருப்பார்.

அலமாரிகளைக் கழற்ற ஆள் வந்தபோது, அந்த ஹெட்போன் ஒயர் அலமாரிக்குப் பின்னால் அறுந்து தொங்குவதைப் பார்த்தோம். எலி எப்போதோ கடித்திருக்கிறது. அறுந்த முனையில் ஒட்டடை கட்டி, அதில் தூசி கெட்டிப்பட்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பெரியவருக்குக் காது கேட்காமல் போய்விட்டதோ, அது அவருக்கே தெரியவில்லையோ என்றெல்லாம் நினைத்தேன். மத்தியானம் அவர் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, தயங்கித் தயங்கி ஒயரைக் காட்டினேன். அவருக்குக் கொஞ்சமும் அதிர்ச்சி இல்லை. தெரியும்மா, ரொம்ப நாளாவே அப்பிடித்தான் என்றார். அப்புறம் எதற்கு மாட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்குள் வேறு யாரும் இல்லை என்றாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அந்த ஹெட்போனை அவருக்கே கொடுத்து அனுப்பினோம். அவர் சொன்னது இது:

"எங்க ஊட்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்கம்மா. இங்க வந்து இத மாட்டிக்கினா யாரும் எங்கிட்ட பேச மாட்டாங்க."

பரங்கிப்பேட்டை கேசட்

சிதம்பரம் கடையில் பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொடுக்கும் வேலையும் நடந்தது. கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களுக்கெல்லாம் போன் செய்து வரவழைத்தோம். ஒரே ஒரு பை மிஞ்சியது. மேலே 'மும்தாஜ், பரங்கிப்பேட்டை' என்று மட்டும் எழுதியிருந்தது. கொடுத்திருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. ரஃபிக்குச் சொந்த ஊர் அதுதான் என்பதால், கண்டுபிடித்துவிடலாம் என்றான். என்ன பாட்டு என்று தெரிந்தால் ஆளைத் தெரியும் என்று கொஞ்சம் ஓடவிட்டோம். பாட்டு இல்லை. ஒரு ஆணின் குரல். துபாயிலிருந்து மனைவிக்குப் பேசி அனுப்பிய கேசட். வெயில், ரூமில் கூட இருப்பவன் வைக்கிற குழம்பு, தூக்கத்தில் அவன் பாடுகிற பாட்டு என்று ஓயாத பேச்சு. நடுநடுவே கேள்வி. வாசலில் லைட்டு மாற்றினாயா, கொய்யா காய்த்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பேச்சை நிறுத்தி, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு இடைவெளி. அந்த நேரத்தில் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அதற்குமேல் கேட்பது முறையில்லை என்று நிறுத்திவிட்டோம்.

பஸ்ஸில் போகும்போது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான். இந்த மனுஷர் இப்போது இருக்கிறாரா? துக்க வீடாக இருந்தால் நீங்கதான் பேசணும் அக்கா என்று ரஃபி முன்கூட்டியே சொல்லிவிட்டான். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினோம். தோளில் துண்டோடு ஒருத்தர் திறந்தார். சிதம்பரம் பாட்டுக்கடையிலிருந்து வருகிறோம் என்றேன். "ம்" என்று உள்ளே கையைக் காட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

மும்தாஜ் அக்கா வந்து என் கையிலிருந்த பையைப் பார்த்ததும் முகம் சிவந்து, என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஹாலில் உட்கார்ந்திருக்கிற அவர் கணவர்தான் கேசட்டில் பேசியவராம். அங்கே இருந்தவரைக்கும் கேசட் பத்தவில்லை என்று பேசிய மனுஷர், ஊருக்கு வந்து செட்டில் ஆனதிலிருந்து ம், சரி, சோறு என்ற மூன்று வார்த்தையிலேயே குடும்பம் நடத்துகிறாராம். அந்தப் பழைய பேச்சைக் கேட்க ஆசையாக இருக்கிறதே என்றுதான் அக்கா கேசட்டைக் கொடுத்திருக்கிறார். வாங்க வரும்போதெல்லாம் கணவரும் கூடவே வந்து நிற்க, வெட்கப்பட்டு வேறு எதையாவது வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்.

இது எதுவும் தெரியாத ரஃபி, தன் சட்டைப்பையிலிருந்த பென்டிரைவை ஹாலில் டிவியில் சொருகி, சரியாக ஓடுகிறதா என்று சோதித்துக் காட்டிவிட்டான். வீடு முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் ஹாலுக்கு வந்தபோது அக்காவின் கணவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கருப்புத் திரையில் அவர் குரல் மட்டும் ஓடியது. கொய்யா காய்ச்சுதா மும்தாஜு என்று குரல் கேட்டது. ஃபேன் சத்தம். கதவு நிலையில் சாய்ந்து நின்ற அக்கா, தன்னையறியாமல், "காய்ச்சுது" என்றார். கணவர் திரும்பிப் பார்த்தார். முழங்காலு வலி எப்பிடி இருக்கு என்று குரல் கேட்டது. "அப்பிடியேதான் இருக்கு" என்றார் அக்கா. அந்தக் காலத்திலும் கேசட்டைப் போட்டுவிட்டு இப்படித்தான் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாராம்.

கணவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் கிளம்ப எழுந்தோம். இருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க என்று முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசினார். பிறகு மனைவியைப் பார்த்து, நான் இவ்ளோ பேசுவேனா என்று கேட்டார். அக்கா டீ போட உள்ளே போய்க்கொண்டே சொன்னார்:

"பேசுவீங்க மச்சான். முன்னாடி ஒரு மைக்கு இருக்கணும், அவ்ளோதான்."

முதலாளி பார்த்த வரன்

ரஃபி பரங்கிப்பேட்டையிலேயே செல்போன் கடை போடப்போவதாக முடிவுசெய்துவிட்டான். எனக்குத்தான் ஒன்றும் அமையவில்லை. ராத்திரி படுத்தால், பையனின் காலேஜ் அட்மிஷன்தான் கண்ணுக்குள் வரும். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, ஆனாலும் முதலாளி கவனித்திருக்கிறார். ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கிளம்பு சுமதி என்றார். கடைத்தெருவில் கடை கடையாக ஏறி எனக்கு வேலை கேட்டார். ஜவுளிக்கடையில் என்னை வெளியே நிற்கவைத்து, உள்ளே என் அருமை பெருமையைச் சொன்னார். நகைக்கடையில் அவர்கள் சொன்ன சம்பளத்தைக் கேட்டதும், வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று பொண்ணு வீட்டுக்காரர் மாதிரி எழுந்துவிட்டார்.

கடைசியில் மஞ்சக்குப்பத்தில், காது கேட்கும் கருவி விற்கும் ஒரு சென்டருக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த டாக்டரம்மா ரொம்ப இளவயது. காது கேட்காதவர்களோடு பழகிய அனுபவம் உண்டா என்று என்னிடம் கேட்டார். பாட்டுக்கடையில் இருந்தவளுக்கு அது எங்கிருந்து வரும்? இல்லை என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்:

"உங்ககிட்ட வர்றவங்கள்ல பாதி பேரு எங்க கடை ஸ்பீக்கர்ல காது போனவங்கதான் டாக்டரம்மா, அவுங்க எல்லாரையும் இவளுக்கு நல்லா தெரியும்."

கடைசிப் பாட்டு

கடலூர் கடையின் கடைசி நாள் சாயங்காலம். அலமாரி எல்லாம் காலி. ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாக்கி. கடைசியாக எந்தப் பாட்டைப் போடுவது என்று முதலாளிக்கும் ரஃபிக்கும் தகராறு. தினமும் கடை திறக்கும்போது போடும் பிள்ளையார் பாட்டைப் போட வேண்டும் என்று அவர். திறக்கிறதுக்குத்தான் பிள்ளையார், மூடுறதுக்கு நல்ல குத்துப்பாட்டுதான் என்று இவன். இருவரும் என்னைத் தீர்ப்பு சொல்லச் சொன்ன நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மூன்று பேரும் இருட்டில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு பாட்டுக்கூட இல்லாமலா ஷட்டரை இறக்குவது?

பக்கத்து மெடிக்கல் கடை சண்முகம் அண்ணன், எங்கள் கடை திறந்த நாளிலிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லித் தினமும் ஒருமுறையாவது வந்து கத்திவிட்டுப் போகிறவர். கஸ்டமர் இருமல் மருந்து கேட்டால் தனக்குத் தூக்க மருந்து என்று காதில் விழுகிறது என்பார். அவர் கையில் ஒரு நீள ஒயரோடு வந்து நின்றார். தன் கடை ஃபேனை நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டரிலிருந்து எங்களுக்கு லைன் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். என் கரண்ட், அதனால் என் பாட்டு என்று, அவரே ஒரு பழைய மெல்லிய பாட்டைத் தேர்ந்தெடுத்தார். கரண்ட் இல்லாத தெருவில் அந்த ஒரு பாட்டு மட்டும் கேட்டது. பூக்கடைக்காரர்கள் எழுந்து வந்து நின்றார்கள். ஷேர் ஆட்டோ ஒன்று இன்ஜினை அணைத்துக்கொண்டது. முதலாளி ஷட்டர் கொக்கியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்முகம் அண்ணன் நேராகப் போய் வால்யூமை முழுசாகத் திருப்பிவிட்டார்:

"இன்னிக்கி சத்தமாவே வைங்க, நாளையிலேர்ந்து நான் வந்து கத்தறதுக்கு யாரு இருக்கா?"

இத்தனை வருஷம் ஊருக்குப் பாட்டு விற்றேன். இப்போது மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து, அதைக் கேட்பதற்குக் காது விற்றுக்கொண்டிருக்கிறேன்.